கோகிலாமணியின் முதுகுக் கயிறு

நடந்ததா நடக்கலையா என்று நம்மிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம். சந்தேகம் இருக்கிறவர்கள் திருப்பூரிலிருந்து டவுன் பஸ் ஏறிக் காரைப்பள்ளத்தில் இறங்கி, டீக்கடையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளட்டும், டீ ஆற்றுகிற கையை நிறுத்தாமலே அவர் சொல்லுவார்: ஆமாங், நம்ம கோகிலாமணிக்கு முதுகு தொறந்துக்கிச்சு, அதுக்கென்னுங் இப்ப? புருஷன் மயில்சாமி போய்ச் சேர்ந்து, கருமாதி முடிந்து, ஒரம்பரை சொந்தமெல்லாம் அவரவர் ஊருக்குக் கிளம்பிப் போய், அவள் மறுபடி கம்பெனிக்கு வந்து மெஷினில் உட்கார்ந்த திங்கட்கிழமை அது. காலை டீக்கு முன்னால், கீழே விழுந்த பீஸை எடுக்க அவள் குனிந்தபோது, பிடரிக்குக் கீழே தொடங்கி இடுப்பு வரைக்கும் முதுகு நேர்கோடாக இரண்டாகப் பிரிந்தது. ரத்தம் கிடையாது, வலியும் கிடையாது. பிரிந்த இரண்டு விளிம்பிலும் மேலிருந்து கீழாகக் கண்கள் இருந்தன, காது குத்தி ஆறின ஓட்டை மாதிரி வழுவழுப்பான சின்னக் கண்கள், இந்தப் பக்கம் ஒன்று இருந்தால் அந்தப் பக்கம் அதற்கு நேராக ஒன்று, நூல் பிசகாமல்.

அதைப் பார்த்து அங்கே யாரும் அலறவில்லை, ஏனென்றால் அந்தக் கம்பெனியில் பொழுதன்னைக்கும் எல்லோரும் பார்ப்பது அதைத்தான். ஊரே பனியனும் ஜட்டியும் தைத்துக்கொண்டிருக்க, இந்த ஒரு கம்பெனி மட்டும் வெளிநாட்டுப் பொம்பளைகள் இடுப்பை இறுக்கிக்கொள்ளப் போடுகிற கார்செட்டைத் தைத்து அனுப்பியது. துணிக்கு நடுவே சந்து சந்தாகத் தைத்து அதற்குள் இரும்புப் பட்டையைச் செருகுவதால் நம் பெண்கள் அதற்கு எலும்புச் சட்டை என்று பேர் வைத்திருந்தார்கள். முன்பக்கம் இரும்புக் கொக்கி, பின்பக்கம் இரண்டு வரிசைக் கண், அந்தக் கண்களுக்குள் குறுக்கும் மறுக்குமாய் ஓடுகிற கயிறு. கயிறு கோர்க்கிற மேஜை அருக்காணியுடையது. ஆள் தாட்டியானவள், வாய் அதைவிடத் தாட்டியானது, அவள் கோர்த்த கயிற்றைச் செக்கிங்கில் யாரும் திருப்பி அனுப்பினதாகச் சரித்திரம் இல்லை.

அலறாதவர்கள் அழுதார்கள், அதுதான் வினையாய்ப் போயிற்று. பிளவிலிருந்து காற்றா, வாசமா, என்னவோ ஒன்று வெளியே வந்து பக்கத்தில் இருந்தவர்கள் மேலெல்லாம் பட்டது, பட்ட மாத்திரத்தில் அவர்களுக்கு மயில்சாமி செத்துப்போனது புரிந்தது, ஏதோ கூட வேலை பார்க்கிறவளின் புருஷன் என்று இல்லை, தன் புருஷனே, தன் ஆளே செத்துப்போன மாதிரிப் புரிந்தது. அடுத்த மெஷின் ஜெயசீலி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். போன மாதம்தான் பீகாரிலிருந்து வந்த கட்டிங் மாஸ்டர் ரகுநந்தன், மயில்சாமியைக் கண்ணாலும் பார்த்திராதவன், தமிழில் சாப்பாடு, தண்ணி, லீவு என்பதைத் தாண்டி எதுவும் தெரியாதவன், கத்தரியைக் கீழே போட்டுவிட்டு, “பரோட்டாக் கடையில சால்னா ரெண்டாந்தடவ கேக்கறதுக்கு வெக்கப்படுவாரே மனுசன், இனி அவருக்கு ஆரு கேட்டு வாங்கிக் குடுப்பா” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கதறினான். சூப்பர்வைசர் தண்டபாணி கதறினார். பவர் டேபிள் வரிசை முழுக்க மெஷினுக்கு மெஷின் ஊசி ஒடிந்தது. கோகிலாமணி ஒருத்திதான் அழவில்லை, எழவு வீட்டிலும் அழாதவள் அவள், அழுத்தக்காரி, கல்லுளிமங்கி என்று அப்போதே ஊர் பேர் வைத்தாகிவிட்டது. அவள் சுற்றும் முற்றும் பார்த்து, “என்னுங்க்கா, என்னாச்சு எல்லாத்துக்கும்?” என்று கேட்டாள்.

அருக்காணிதான் முதலில் சுதாரித்தாள். அழுதுகொண்டே வந்து, அழுதுகொண்டே அவளைத் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், “இப்படியே தொறந்து கெடந்தா சரக்கு கப்பல் ஏறுன மாதிரித்தான், கொண்டாங்கடி கயித்த” என்றாள். எந்தக் கயிறு என்று அங்கேயே ஒரு பஞ்சாயத்து நடந்தது. பருத்தி நாடா இழுத்தால் அறுந்துவிடும், சாட்டின் ரிப்பன் பார்க்க அழகாக இருக்குமே தவிர வழுக்கிக்கொண்டு அவிழ்ந்துவிடும், உருண்டைக் கயிறு கண்ணை அறுக்கும், கடைசியில் தட்டைக் கயிறு என்று முடிவாயிற்று. எப்படிக் கோர்ப்பது என்பதற்கு அடுத்த பஞ்சாயத்து. ஜெயசீலி ஏணிக் கட்டு என்றாள், குறுக்கே குறுக்கே படி மாதிரிப் போகும், சதையை உரசாது. அருக்காணி அவளை ஒரு பார்வை பார்த்தாள். “ஏணி கட்டி எங்கடி ஏறப்போறா இவ? பெருக்கல் கட்டுதான் புடிச்ச புடி விடாது.” அப்புறம் மேலேயிருந்து பாதிக் கயிறும் கீழேயிருந்து பாதிக் கயிறுமாய்ப் பெருக்கல் போட்டுக் கோர்த்துக்கொண்டு வந்து, நடு இடுப்பில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வளையம் விட்டு, கோகிலாமணியைச் சுவரில் கை ஊன்றச் சொல்லி, தன் முழங்காலை அவள் இடுப்பில் முட்டுக்கொடுத்து, இரண்டு வளையத்தையும் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பாய் இழுத்தாள். விளிம்பும் விளிம்பும் ஒட்டிக்கொண்டன. தண்டபாணி மூக்கை உறிஞ்சியபடி வந்து விரலால் தடவிப் பார்த்தார், செக்கிங்கில் பொம்மைக்கு மாட்டி அவர் பார்ப்பதும் அதைத்தான், ரெண்டு விளிம்புக்கும் நடுவே நகம் நுழைந்தால் பீஸ் ரிஜெக்ட். நகம் நுழையவில்லை. “ஓக்கே” என்றார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெஷினுக்குப் போனார்கள்.

அன்றையிலிருந்து தினம் காலை மணி அடிப்பதற்கு முன்னால் துணிக்கட்டுக்குப் பின்னால் போய்ச் சுவரில் கை ஊன்றுவது கோகிலாமணிக்கு வேலையில் ஒரு வேலையாயிற்று. ராத்திரி படுத்துப் புரண்டதில் தளர்ந்ததை அருக்காணி இழுத்து இறுக்கிவிடுவாள். இறுக்கியபின் கோகிலாமணிக்குள் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொள்ளும், பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி, கன்னம் இருப்பது தெரியும், தொட்டால் யாரோ எதையோ தொடுவது தெரியும், அவ்வளவுதான். சோறு சோறாகத் தெரிந்தது, உப்பு உப்பாகத் தெரியவில்லை. நன்றாகத் தைத்தாள், முன்னைவிட நன்றாகத் தைத்தாள், இரும்புப் பட்டை விரலில் குத்தினால் ரத்தத்தைத் துடைத்துவிட்டு அடுத்த பீஸை எடுத்தாள். மற்றவளாயிருந்தால் புருஷன் ஞாபகத்தில் தையல் கோணும், இவளுக்குக் கோணவில்லை. மயில்சாமி குட்டியானை வண்டியில் துணி ரோல் ஏற்றிக்கொண்டு போனவன், சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை ஓரங்கட்டி, இண்டிகேட்டர் போட்டு, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு போய்விட்டவன், அவனை நினைத்தால் அவளுக்கு அந்த இண்டிகேட்டர் விட்டு விட்டு எரிவது மட்டும் தெரிந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நாலு நாள் பேசினார்கள், ஐந்தாம் நாள் பழகிக்கொண்டார்கள். டவுன் பஸ் கண்டக்டர் அவளுக்கு முதுகு சாய்க்க வேண்டாத ஓரத்து சீட்டை விட்டுவைத்தார். சுகாதார நர்ஸ் வந்து பார்த்து, காயம் இல்லை, சீழ் இல்லை என்று சத்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். மாரியம்மன் கோவில் பூசாரி, கயிறு கட்டின உடம்பு தீர்த்தக்குடம் எடுக்கலாமா என்று ஒரு நாள் பூராவும் யோசித்து, சாமிக்கே காப்புக் கட்டுறோம், கட்டுன உடம்பு சுத்தம்தான் என்று சொல்லிவிட்டார். அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் வேடிக்கை, புருஷனைப் பறிகொடுத்தவள், கட்டின புருஷன் இருந்தும் இல்லாதவள், மாமியாரிடம் சீரழிகிறவள் என்று ஒருத்தி மாற்றி ஒருத்தி அருக்காணி வீட்டு வாசலில் வந்து நின்று, “எனக்கும் கண்ணு குத்தி வுடுங்க்கா, அந்தக் கோகிலாமணியாட்ட நிம்மதியா இருந்துட்டுப் போறேன்” என்று கேட்டார்கள். அருக்காணி என்ன வைத்துக்கொண்டா இல்லை என்கிறாள்? “கண்ணு தானா வரோணும், குத்தி வெச்சா சீப்புடிச்சுப் போயிரும், போங்கடி” என்று விரட்டினாள். போகிறவர்கள் கோகிலாமணியின் வீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. மேற்குத் தெருவில் ஒரு பெரியவர் தவறிப்போனார், சொத்துத் தகராறில் பிள்ளைகள் மூன்று பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள், ஒரு பொட்டுக் கண்ணீர் கிடையாது, எடுக்கப் போகிற நேரத்தில் அழுகை இல்லாத வீடு நன்றாகவா இருக்கும் என்று பங்காளிகள் கூடிப் பேசி, கோகிலாமணியைக் கூட்டிவந்து பாடைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, அருக்காணியை விட்டு மேல்கண்ணை மட்டும் கொஞ்சம் தளர்த்தச் சொன்னார்கள். தளர்த்தியதுதான் தாமதம், வீடே ஓவென்று அழுதது, ஆனால் அத்தனை பேரும் அழுதது மயில்சாமிக்கு. மூத்த மகன் அப்பன் காலைக் கட்டிக்கொண்டு, “வண்டிய ஓரமா நிறுத்திட்டுப் போனியே ராசா” என்று புரண்டான். பெரியவருக்கு வண்டியே கிடையாது. எப்படியோ அழுகை வந்ததே என்று மனம் தேறிக்கொண்டார்கள், கோகிலாமணிக்குக் காப்பி கொடுத்தார்கள், அவள் சூடு தெரியாமல் ஒரே மடக்கில் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கும் அவளுக்கு அழுகை வரவில்லை. திறந்தாலும் அது மற்றவர்கள் மேல்தான் போய்ப் பட்டது, அவள் மேல் படவில்லை.

வீட்டில் சஷ்டிகா இருந்தாள். மயில்சாமிக்கும் கோகிலாமணிக்கும் பிறந்த ஒரே பெண், நாலாம் வகுப்பு, அப்பன் மாதிரியே வெட்கம், அப்பன் மாதிரியே புருவம். கோகிலாமணி பிள்ளைக்கு ஒரு குறை வைக்கவில்லை, தலை பின்னிவிட்டாள், டிபன் கட்டிக் கொடுத்தாள், வீட்டுப்பாடத்தில் கையெழுத்துப் போட்டாள். பிள்ளை பின்னாலேயே சுற்றிச் சுற்றி வந்தது. நைட்டிக்கு மேல் முதுகில் புடைத்துக்கொண்டிருக்கிற முடிச்சை ஒரு விரலால் தொட்டுப் பார்க்கும், கையை எடுத்துக்கொள்ளும். ஒருநாள் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து எதிரே நின்றது. “கழட்டி மடிச்சு வெய்யி” என்றாள். இன்னொரு நாள் மயில்சாமி தண்ணி குடிக்கிற கண்ணாடி டம்ளரை வேண்டுமென்றே கீழே போட்டு உடைத்துவிட்டு, அடி விழும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றது. கோகிலாமணி விளக்குமாறு எடுத்து வந்து கூட்டினாள். “கால்ல குத்துச்சா? இல்லியா? செரி, தள்ளி நில்லு.” பிள்ளை ரொம்ப நேரம் அங்கேயே நின்றது.

அரைப் பரீட்சை நெருங்கும்போது மயில்சாமியின் அக்கா மகுடீஸ்வரி தாராபுரத்திலிருந்து போன் போட்டாள். பிள்ளையை நான் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறேன், இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம் என்றாள். கெட்ட எண்ணம் கிடையாது அவளுக்கு, தம்பி போன துக்கத்தில் பாதி உடம்பாய் இளைத்துப் போனவள். கோகிலாமணி போனைக் கையால் மூடிக்கொண்டு பிள்ளையிடம் கேட்டாள், “அத்தை கூப்புடுது. போறியா?”

“போறேன்.”

“இங்க என்ன கொறை உனக்கு?”

பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னது, “அத்தை வீட்ல அழுகலாம்மா. அத்தை தெனமும் வெளக்கு வெச்சுட்டு அழுகுதுன்னு போன்ல சொல்லுச்சு. அங்க போனா நானும் அழுதுக்குவேன்.”

அதைக் கேட்டுக் கோகிலாமணிக்கு என்ன ஆகியிருக்க வேண்டும்? பெற்ற வயிறு பற்றி எரிந்திருக்க வேண்டும். எரிய வேண்டிய இடம் அவளுக்குத் தெரிந்தது, இதோ இங்கேதான் என்று கை வைத்துக் காட்டக்கூடத் தெரிந்தது, எரியத்தான் இல்லை. “ஞாயித்துக்கெழம வாங்க நங்கை” என்று நாத்தனாரிடம் போனில் சொல்லிவிட்டுத் துவரம்பருப்பை ஊறப் போட்டாள்.

அந்த வாரத்தில்தான் கம்பெனிக்கு அந்த வீடியோ வந்தது. சாமான் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள், பீஸெல்லாம் இடுப்பில் தொளதொளவென்று நிற்கிறது, அளவைச் சின்னதாக்கு என்று புகார் சொல்லி, போட்டுக் காட்டுகிற வீடியோ ஒன்றைத் தண்டபாணியின் போனுக்கு அனுப்பியிருந்தார்கள். டீ நேரத்தில் எல்லோரும் தலையை நீட்டிப் பார்த்தார்கள். இத்தனை வருஷமாகத் தைக்கிறார்களே தவிர, எலும்புச் சட்டையை ஒருத்தி உடம்பில் போட்டு அன்றைக்குத்தான் பார்க்கிறார்கள், அதுவரைக்கும் அவர்கள் பார்த்ததெல்லாம் துணிப் பொம்மையும் அட்டைப் பெட்டியும்தான். வெள்ளைக்காரி ஒருத்தி திரும்பி நின்று முதுகைக் காட்டினாள். கயிறு கோர்த்திருந்த இரண்டு விளிம்புக்கும் நடுவே மேலிருந்து கீழே வரைக்கும் இரண்டு விரல் அகலத்துக்கு இடம் இருந்தது. “அய்யே, அவளுக்குப் பத்தலே” என்று ஜெயசீலி சிரித்தாள். தண்டபாணி சிரிக்கவில்லை. அப்படி இடம் விட்டுத்தான் கட்ட வேண்டுமாம், உடம்பு மூச்சு விட, குனிய, உட்கார அந்த இடம் வேண்டுமாம், விளிம்போடு விளிம்பு ஒட்டினால் அது பெரிய அளவு என்று அர்த்தமாம். செக்கிங்கில் இத்தனை வருஷமாய் அவர் ஓக்கே போட்டதெல்லாம் பெட்டியில் படுக்கிற பீஸுக்கு, போட்டுக்கொண்டு நடக்கிற உடம்புக்கு இல்லை.

அருக்காணி கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள். “அடப்பாவத்தே” என்றாள். “உசுரோட இருக்கறவளப் பொட்டிக்குப் போற பீஸாட்டக் கட்டிப்போட்டோமே.” எல்லோரும் கோகிலாமணியைப் பார்த்தார்கள். அவள் வடையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

அப்போதே தளர்த்தி இரண்டு விரல் இடம் விட்டிருக்கலாம். விடவில்லை. இடம் விட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாய் நாள் பூராவும் வெளியே வரும், பக்கத்தில் இருக்கிறவர்கள் நாள் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாய் அழ வேண்டும், யார் அழுவது? தண்டபாணி இந்த ஷிப்மென்ட் போகட்டும் என்றார். ஜெயசீலி வீட்டில் கல்யாணம் வைத்திருக்கிறது, அழுத முகத்தோடு போக முடியாது என்றாள். ரகுநந்தன் கத்தரியை எடுத்துக்கொண்டு கட்டிங் மேஜைக்குப் போய்விட்டான். அருக்காணி மட்டும் கோகிலாமணியிடம் போய், “அம்மிணி, கொஞ்சம் எளக்கி வுடட்டுமா?” என்று கேட்டாள், கேட்கும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடமாட்டாளா என்று இருந்தது அவளுக்கும். “எனக்கு ஒண்ணுமில்லீங்க்கா, இப்படியே இருக்கட்டும்” என்றாள் கோகிலாமணி. அருக்காணிக்கு நிம்மதியாகவும் இருந்தது, அசிங்கமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகுடீஸ்வரி வந்தாள். தட்டைமுறுக்கு, கச்சாயம், பிள்ளைக்கு ஒரு புது கவுன், எல்லாம் கொண்டு வந்திருந்தாள், காப்பி குடித்தாள், தம்பி போட்டோவைப் பார்த்து மூக்கைச் சிந்தினாள், பத்தரை பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்றாள். கோகிலாமணி பையில் துணி அடுக்கினாள். யூனிபார்மைத் தையலுக்குத் தையல் சேர்த்து மடித்து வைத்தாள். சாக்ஸை ஜோடி சேர்த்து வைத்தாள். இந்தச் சாக்ஸை வைக்கும்போது எனக்கு வலிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள், இந்தச் சீப்பை வைக்கும்போது வலிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள், பை நிறைந்தது, ஜிப்பை இழுத்து மூடினாள். புதுக் கவுனைப் போட்டுக்கொண்டு பிள்ளை வாசலைப் பார்த்து நின்றது. அதனிடம் கொடுத்தனுப்ப இந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று கோகிலாமணி சுற்றிப் பார்த்தாள். அது கேட்டதே ஒன்றுதான், அழ ஓர் இடம். அது தன்னிடம் இருக்கிறதே என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது, அன்பில் தோன்றியதா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது, கணக்குக்குச் சரியாக வந்தது, அவ்வளவுதான்.

“நங்கை, ஒரு நிமிசம் வெளிய இருங்க” என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, தரையில் உட்கார்ந்து, நைட்டியின் பின்பக்கத்தை இறக்கி முதுகைக் காட்டினாள்.

“அவுத்து வுடு.”

பிள்ளை பின்வாங்கியது. “வேண்டாம்மா. அவுத்தா நீ அழுக மாட்ட. மத்தவியதான் அழுகுவாங்க.”

“நீ அழுகோணும்னுதான சொன்ன. இங்கியே அழுதுட்டுப் போ.”

“எனக்குத் தெரியாது அவுக்கறதுக்கு.”

“நான் சொல்றேன். நடுவுல முடிச்சு இருக்குது பாரு, ஒத்தக் கயித்தப் புடிச்சு இழு, வந்துரும். வந்துச்சா? இப்ப நடுவுல இருந்து மேல ஒரு பெருக்கல், கீழ ஒரு பெருக்கல், மாத்தி மாத்தி எளக்கு. ஒரே பக்கமா எளக்காத, கண்ணு கிழிஞ்சுரும். அவசரமில்ல.” மெஷினில் புதிதாகச் சேர்ந்தவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில்தான் சொன்னாள்.

சின்ன விரல்கள் கயிற்றுக்கு அடியில் நுழைந்து நுழைந்து இழுத்தன. நகம் நுழையாத இடத்தில் ஒரு விரல் நுழைந்தது, அப்புறம் இரண்டு விரல். பின்னால் பிள்ளையின் மூச்சு மாறுவது கேட்டது. ஒரு கேவல் வந்தது. அப்புறம் பிள்ளை அவள் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு, ஒன்பது வயசுப் பிள்ளை, கட்டின பொண்டாட்டியின் குரலில் அழுதது. “பொண்ணுப் பாக்க வந்தப்ப காப்பியச் சட்டைல ஊத்திக்கிட்டாரே, தொடைக்கக் கூடத் தெரியாம உக்காந்திருந்தாரே, அய்யோ, பொரண்டு படுத்தா பாதிப் பாய் சும்மாக் கெடக்குதே.” வாசலில் மகுடீஸ்வரியும் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். கோகிலாமணி கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் சரிதான், அப்படித்தான் நடந்தது, ஒரு வார்த்தை பிசகில்லை. கேட்டதே தவிர வேறொன்றும் ஆகவில்லை.

பிள்ளைக்கு முட்டிக்கொண்டு வந்த அழுகை பாதியில் நின்று நின்று திக்கியது. ஏதோ ஓர் இடத்தில் தடுக்கிறது என்று கோகிலாமணிக்குப் பட்டது, துணியைப் பார்த்தே உள்ளே பட்டை எங்கே தடுக்கிறது என்று கண்டுபிடிக்கிறவள் அவள். திரும்பினாள். புதுக் கவுனின் கழுத்துக்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு நுனி எட்டிப் பார்த்தது, பிளாஸ்டிக் முனை வைத்த ஷூ கயிறு. தன் முதுகில் கயிறு ஏறின புதிதில் பள்ளிக்கூடத்தில் ஷூவுக்குக் கயிறு எங்கே என்று கேட்டனுப்பியதும், தொலைஞ்சு போச்சு என்று பிள்ளை சொன்னதும், வேறே வாங்கிக்கொடுத்ததும் அவளுக்கு ஞாபகம் வந்தது. கவுன் பட்டனைக் கழற்றினாள்.

கழுத்துக் குழியிலிருந்து தொப்புள் வரைக்கும், நெஞ்சுக்கு நட்டநடுவில், கடுகு கடுகாய் இரண்டு வரிசைக் கண். ஷூ கயிற்றால் கோர்த்திருந்தது. ஒரு கண் விட்டு ஒரு கண் தாவி, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி, தோல் சுருங்கச் சுருங்க இழுத்து, முடிச்சின் மேல் முடிச்சு, அதன் மேல் முடிச்சு. விளிம்போடு விளிம்பு ஒட்டியிருந்தது.

“ஆரு கட்டுனா?”

“நாந்தான்.”

“எப்ப?”

“உனக்குக் கட்டுனாங்கல்ல, அப்பவே. நீ அழுகாம இருக்கறப்ப நான் மட்டும் அழுதா நல்லாவா இருக்கும்?”

முன்பக்கம் கயிறு வைத்த எலும்புச் சட்டையும் அபூர்வமாய்க் கம்பெனிக்கு வரும். அது எதற்கு என்று தண்டபாணி ஒருமுறை சொல்லியிருக்கிறார், முன்பக்கம் கட்டுவது, பின்னால் நின்று கட்டிவிட ஆள் இல்லாதவளுக்கு. வெளியே பத்தரை பஸ் ஹாரன் அடித்தது. மகுடீஸ்வரி எழுந்திருக்கவில்லை.

கோகிலாமணி முடிச்சை நகத்தால் நெம்பினாள், வரவில்லை. குனிந்து பல்லால் கடித்து முதல் முடிச்சை அவிழ்த்தாள். இரண்டாவதை அவிழ்த்தாள். நடுவிலிருந்து மேலே ஒன்று, கீழே ஒன்று, கண் கிழியாமல், அவசரமில்லாமல். இரண்டு விரல் அகலம் வந்ததும் உள்ளே இருந்தது வெளியே வந்து அவள் முகத்தில் பட்டது.

அவளுக்குத் தெரியாத மயில்சாமி வந்தான். அம்மாவுக்குக் காலை ஷிப்ட் வரும் நாளில் பிள்ளைக்குத் தலை பின்னப் பழகுகிறேன் என்று வண்டிக் கயிற்றை மூன்றாகப் பிரித்துப் பின்னிப் பார்க்கிற மயில்சாமி. வாய்ப்பாடு தெரியாத மாதிரி நடித்துப் பிள்ளையிடம் திட்டு வாங்குகிறவன். அப்புறம் ஒரு சாயங்காலம், ஒரு மில்லுக்குப் பின்னால், பிள்ளையும் கூட ஏறி வந்த வண்டியை நிறுத்திவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, “ஒண்ணுமில்ல சாமி, இப்பச் செரியாயிரும், அம்மாகிட்டச் சொல்லிப்போடாத, அவ பயந்துக்குவா” என்று பிள்ளையின் தலைமேல் கையை வைத்துச் சத்தியம் வாங்குகிறவன். பிள்ளை சொல்லவில்லை. சத்தியம் பண்ணினதை மீறக்கூடாது என்று சொல்லவே இல்லை. நான் சொல்லியிருந்தா அப்பா இருந்திருப்பாரு, நான் சொல்லியிருந்தா அப்பா இருந்திருப்பாரு, என்று அந்தக் கடுகுக் கண்களுக்கு உள்ளே, ஷூ கயிற்றுக்கு உள்ளே, நாள் தவறாமல் அது மட்டும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, டம்ளரை உடைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்காகக் காத்து நின்றபோதும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

கோகிலாமணியின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது தன்னுடையது என்று அவளுக்கே முதலில் தெரியவில்லை. எரிய வேண்டிய இடம் எரிந்தது. பிள்ளையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எழவு வீட்டில் அழாதவள், தெருவே எட்டிப் பார்க்கும்படி அழுதாள், புருஷனுக்கு அழுதாளா பிள்ளைக்கு அழுதாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது, “நீ சொல்லாததுனால இல்ல சாமி, இல்லவே இல்ல சாமி” என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள், தாயின் அழுகையைப் பிள்ளையும் பிள்ளையின் அழுகையைத் தாயும், மாற்றி மாற்றி அழுதார்கள். வாசற்படியில் மகுடீஸ்வரி அழுதாள். அழுகை தெருவில் இறங்கிப் போனதும் வீட்டுக்கு வீடு கதவைச் சாத்திக்கொண்டார்கள், கொஞ்ச நேரத்தில் சாத்தின கதவுக்குப் பின்னாலும் அழுகைச் சத்தம் கேட்டது.

மத்தியானம் ஆகியிருந்தது. மகுடீஸ்வரி முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, பையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அரிசி களையப் போனாள். பிள்ளை விக்கிக்கொண்டே அம்மாவின் பின்னால் போய் நின்று, தொங்குகிற கயிற்றின் இரண்டு நுனியையும் கையில் எடுத்தது.

“கட்டி வுடட்டுமாம்மா?”

“வேண்டாம் சாமி” என்றாள் கோகிலாமணி. “ரொம்ப வலிக்குது. இப்படியே கொஞ்ச நேரம் இருக்கட்டும்.”